தாராக் குஞ்சுக்கு எந்தத் தீனி? 14 பொரித்து, இப்போது 3 காலை இழுக்கின்றன

வேலணைப் பெடியன்
ஞாயிறு, இரவு 8:12

எல்லோருக்கும் வணக்கம். கோழிப் பகுதியில் தாராவை, அதாவது வாத்தைப் பற்றிக் கேட்பதற்குக் குறை நினைக்க வேண்டாம், தாராவுக்கென்று இங்கே தனிப் பகுதி இல்லை.

கொடிகாமத்தில் சொந்தக்காரர் வீட்டில் இருந்து 18 தாரா முட்டை கொண்டுவந்து இரண்டு ஊர்க்கோழிக்குக் கீழே அடை வைத்தேன். கோழி முட்டைக்கு 21 நாள், தாரா முட்டைக்கு 28. அதில் ஒரு கோழி 22ஆம் நாள் போதும் என்று எழும்பிவிட்டது. கடகத்தால் கவிழ்த்து மூடித் தீனியும் தண்ணீரும் காலடியில் வைத்து ஒரு மாதிரிச் சமாளித்தோம். 14 பொரித்தன. இன்றைக்கு 12 நாள்.

கடையில் குஞ்சுத் தீனி என்று கிலோக் கணக்கில் கட்டித் தருகிறார்கள். அதைத்தான் குறுணலோடு பாதிக்குப் பாதி கலந்து போடுகிறேன். இரண்டு நாளாக மூன்று குஞ்சுகள் எழும்பி நிற்பதில்லை. முழங்காலில் குந்தி இருந்துகொண்டு, துடுப்புப் போடுவது போலச் செட்டை இரண்டையும் நிலத்தில் ஊன்றி நகர்கின்றன. கால் உடைந்த மாதிரித் தெரியவில்லை. பசி இருக்கிறது, கண் தெளிவாக இருக்கிறது.

கடைக்காரர் தீனியில் பிழை இல்லை என்கிறார். அம்மம்மா குறுணலை அவித்துப் போடு, கால் தானாக வரும் என்கிறா. யாழ்ப்பாணத்தில் தாராவுக்கென்று தனித் தீனி எங்கேயாவது விற்கிறார்களா?

கைதடிக் கமக்காரன்
ஞாயிறு, இரவு 9:05

தம்பி, தாராத் தீனி என்று எழுதிய சாக்கை நான் இங்கே ஒரு கடையிலும் கண்டதில்லை. என்னிடம் 30, 40 தாரா எப்போதும் நிற்கும். எல்லாம் கோழித் தீனியில் வளர்ந்தவைதான். அதனால் தீனியை மாற்ற முன்னம், நீ வாங்குவது என்ன தீனி என்று முதலில் தெரிய வேண்டும். கிலோவாகக் கட்டும்போது சாக்கில் தைத்திருக்கிற சீட்டு எங்கள் கைக்கு வராது. நாளைக்குக் கடையில் போய் அந்தச் சீட்டைப் படம் எடுத்து இங்கே போடு.

முட்டையிடுகிற கோழிக்கான லேயர் தீனி என்றால் உடனே நிற்பாட்டு. அதில் கல்சியம் 3.5, 4 வீதம் வரும். குஞ்சுக்கு 1 வீதம் போதும். மிச்சத்தை வெளியேற்றி வெளியேற்றிச் சிறுநீரகம் பழுதாகிவிடும். குஞ்சுக்கான ஸ்ராட்டர் தீனி என்றால் பரவாயில்லை. முதல் இரண்டு கிழமைக்குப் புரதம் 20 முதல் 22 வீதம் இருக்க வேண்டும், பிறகு 16, 17 காணும். நீ பாதிக்குப் பாதி குறுணல் கலந்திருக்கிறாய். குறுணலில் புரதம் 8 வீதத்துக்கு மேல் இல்லை. 20 வீதத் தீனி உன் கையால் 14 வீதமாகிவிட்டது. அவித்துப் போட்டாலும் அரிசி அரிசிதான், அம்மம்மாவிடம் சொல்லிவிடாதே.

இன்னொரு விஷயம். தீனி தூளாக இருந்தால் காயக் கொடுக்காதே. கோழிக்குஞ்சு கொத்தித் தின்னும், தாரா அள்ளித் தின்னும். ஒரு வாய் தீனி, ஓடிப்போய் ஒரு வாய் தண்ணீர், திரும்ப ஒரு வாய் தீனி. அந்தத் தூள் ஈரத்தோடு சேர்ந்து அலகில் சாந்து பூசினது போல இறுகி மூக்கையும் அடைக்கும். புட்டுக்கு மா குழைக்கிற பதம் தெரியும்தானே, பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும். அந்தப் பதத்துக்கு நனைத்து, அரை மணித்தியாலத்தில் தின்று முடிக்கிற அளவு மட்டும் வை. இந்த வெயிலுக்கு மத்தியானத்துக்குள் புளித்துவிடும்.

தண்ணீருக்குத் தயிர்ச் சட்டி நல்லது. நடுவில் ஒரு கல் வைத்துவிடு. மூக்கும் கண்ணும் முங்கிக் கழுவுகிற ஆழம் வேண்டும், ஆனால் ஆள் உள்ளே இறங்கிக் குளிக்க இடம் இருக்கக்கூடாது. தாய்த் தாரா இருந்தால் அதன் எண்ணெய் குஞ்சின் மேலும் படும். கோழியின் கீழ் பொரித்த குஞ்சுக்கு அந்தப் பூச்சு இல்லை, நனைந்தால் விறைத்துச் செத்துவிடும்.

ஸ்காபரோ தம்பி
ஞாயிறு, இரவு 10:40

நான் ஊரில் இருந்தபோது ஆடு மட்டும்தான். இங்கே கனடாவுக்கு வந்து, ஊர்ப்பக்கமாகத் தோட்டம் வைத்திருக்கிற நண்பர் ஒருவரிடம் தாராக்களைப் பார்த்தேன். அவர் குஞ்சு வந்த அன்றே தீனியில் மஞ்சள் தூள் மாதிரி ஒன்றைத் தூவுவார். கேட்டதற்கு ஈஸ்ட் என்றார். பியர் காய்ச்சுகிற ஈஸ்ட்டைச் சாகடித்துக் காயவைத்த தூள். தாராவுக்கு விற்றமின் பி3, அதாவது நயாசின், கோழியைவிடக் கூடத் தேவையாம், குறைந்தால் கால் வளையுமாம். நீங்கள் சொல்கிற குந்தல், செட்டை ஊன்றல் எல்லாம் அவர் சொன்ன மாதிரியே இருக்கிறது.

சோளகம்
ஞாயிறு, இரவு 10:52

பியர் காய்ச்சுகிற ஈஸ்ட்டுக்கு வேலணையில் எங்கே போவது? கள்ளு முட்டிக்கு அடியில் கிடக்கிற மண்டியும் ஈஸ்ட்தானே, அப்பத்துக்கு ஆகும் என்றால் தாராவுக்கு ஆகாதா? பகிடி இல்லை, உண்மையாகத்தான் கேட்கிறேன். குஞ்சு நேராக நடக்காவிட்டாலும் சந்தோசமாக இருக்கும்.

இணுவில் அக்கா
திங்கள், காலை 6:20

ஸ்காபரோத் தம்பி சொன்னது சரி. நான் விவசாயம் படித்தவள், அறிவியல்நகரில் இருந்தபோது கோழியோடு மாரடித்த அனுபவம் உண்டு. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நயாசினை உடம்பு இரண்டு வழியில் பெறுகிறது. ஒன்று தீனியில் இருந்து நேராக. மற்றது, புரதத்தில் இருக்கிற திரிப்ரோஃபன் என்கிற அமினோ அமிலத்தை உடம்பே நயாசினாக மாற்றிக்கொள்வது. கோழி அந்த இரண்டாம் வழியில் ஓரளவுக்குச் சமாளிக்கும். தாராவின் ஈரலில் அந்தத் திரிப்ரோஃபனை வேறு பக்கம் இழுத்துப் போகிற நொதியம் கூட வேலை செய்கிறது, அதனால் மாற்றம் மிகக் குறைவு. முழுவதும் வாயால்தான் வர வேண்டும். கிலோத் தீனிக்குத் தாராக் குஞ்சுக்கு 55 மில்லிகிராம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. கோழிக்குஞ்சுக்கு அதில் பாதியளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோழிக்குஞ்சுத் தீனி கோழிக்குஞ்சுக்குக் கணக்குப் பார்த்துச் செய்தது. கடைக்காரரும் பொய் சொல்லவில்லை, தீனியில் பிழை இல்லை. பெடியன் குறுணல் கலந்தபோது புரதம் மட்டும் இறங்கவில்லை, இருந்த கொஞ்ச நயாசினும் பாதியாகிவிட்டது.

தவிட்டில் நயாசின் நிறைய இருக்கிறதே என்று யாராவது எழுத முன்னம் சொல்லிவிடுகிறேன். இருக்கிறது. ஆனால் தானியத்தில் அது வேறு பொருளோடு பிணைந்து கிடக்கிறது, குஞ்சின் வயிற்றில் பெரும்பகுதி பிரியாமல் அப்படியே வெளியே போகும்.

கணக்கு இப்படி. இந்த வயதில் ஒரு குஞ்சு நாளுக்கு 60 கிராம் அளவு தின்னும் என்று வைத்தால் 14 குஞ்சுக்கு 840 கிராம். அதற்கு நாள் முழுவதற்கும் வேண்டிய நயாசின் ஏறக்குறைய 46 மில்லிகிராம். மருந்துக்கடையில் பி கொம்பிளெக்ஸ் குளிசை கேட்டு, அட்டையில் நிக்கொற்றினமைட் (நயாசினின் ஒரு வடிவம்) எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். 50 இருந்தால் நாளுக்கு ஒன்றை மாவாக்கிக் குடிதண்ணீரில் கரைத்தால் மொத்தக் கூட்டத்துக்கும் தேவை முழுவதும் வந்துவிடும், தீனியில் உள்ளது மேலதிகம். கூடினால் தண்ணீரோடு வெளியேறிவிடுகிற விற்றமின் இது, ஒன்றிரண்டு மடங்குக்குப் பயப்பட வேண்டியதில்லை. தண்ணீரைத் தினமும் புதிதாகக் கலக்குங்கள். விழுந்துவிட்ட மூன்றையும் தனியே பிரித்து வையுங்கள், மற்றவை மிதிக்கும். அவற்றுக்கு எவ்வளவு கூடக் கொடுப்பது என்பதைக் கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள்.

கள்ளு மண்டி கேட்ட தம்பிக்கு: அதில் ஈஸ்ட் இருப்பது உண்மை. ஆனால் மதுசாரமும் இருக்கிறது, எத்தனை கரண்டியில் எவ்வளவு ஈஸ்ட் என்று யாரும் அளந்து தரப்போவதில்லை. உயிரோடு இருக்கிற ஈஸ்ட் குஞ்சின் வயிற்றிலும் புளிக்கும். குளிசை மலிவு.

வேலணைப் பெடியன்
திங்கள், பின்னேரம் 5:30

அக்காவுக்கும் அண்ணைக்கும் நன்றி. சீட்டைப் பார்த்தேன். ஸ்ராட்டர்தான், புரதம் 20 வீதம். லேயர் இல்லை. குறுணலை நிற்பாட்டிவிட்டேன். குளிசை வாங்கியாயிற்று, கடைக்காரப் பிள்ளை யாருக்கு என்று கேட்டதற்குத் தாராவுக்கு என்று சொன்னேன், சிரித்தா.

ஆனால் இன்றைக்கு வேறொரு பிரச்சினை. கால் பிடிக்காத மூன்றையும் விட, நன்றாக ஓடித் திரிந்த இரண்டின் வயிறு ஊதியிருக்கிறது. பலூனுக்குள் தண்ணீர் விட்டது போலத் தளதள என்று இருக்கிறது. மூச்சு வாங்குகின்றன. தண்ணீர்ச் சட்டியை விட்டு அசைவதில்லை, குடித்துக்கொண்டே இருக்கின்றன. இதுவும் நயாசின் குறையா?

இணுவில் அக்கா
திங்கள், பின்னேரம் 5:48

இல்லை. அது வேறு. தீனியும் குறுணலும் தவிர வேறு என்ன போடுகிறீர்கள்? ஒன்றும் விடாமல் எழுதுங்கள்.

வேலணைப் பெடியன்
திங்கள், பின்னேரம் 6:10

கொஞ்சம் கருவாட்டுத் தூள். புரதம் கூட்டுவதற்கென்று ஐந்தாம் நாளில் இருந்து போடுகிறேன். வீட்டில் கட்டாக் கருவாடு கிடந்தது, இடித்துச் சலித்துப் பத்துக்கு ஒரு பங்கு. விருப்பமாகத் தின்னுகின்றன. தண்ணீர் வீட்டுக் கிணறு.

இணுவில் அக்கா
திங்கள், மாலை 6:14

கிணற்றுத் தண்ணீரில் நீங்கள் தேத்தண்ணி போடுவீர்களா?

வேலணைப் பெடியன்
திங்கள், மாலை 6:20

இல்லை அக்கா. இது ஆவணி மாதம், தீவுப் பக்கத்துக் கிணறு. மாரியில் குடிக்கலாம், இப்போது குளிக்க மட்டும்தான். குடிக்கப் பவுசரில், அதாவது தண்ணீர் லொறியில், வருகிற தண்ணீர்.

முனைக் கருவாடு
திங்கள், இரவு 7:35

நான் பருத்தித்துறைப் பக்கம், கருவாட்டு வியாபாரம். பெயரைப் பார்த்தாலே தெரியும். தம்பி, உப்புப் போட்டுப் பதப்படுத்திய கருவாடு நூறு கிராம் எடுத்தால் அதில் பத்துக் கிராமுக்கு மேல் உப்புத்தான், கட்டா மாதிரிப் பெரிய மீனைப் பிளந்து உப்பை அள்ளித் திணித்துத்தான் காயப் போடுவோம். மனிதர் ஒரு துண்டை ஒரு சட்டிச் சோற்றோடு தின்கிறோம். குஞ்சுக்கு அது சோறாகவே போயிருக்கிறது.

மீன்தான் போட வேண்டும் என்றால் உப்புப் படாமல் வெயிலில் மட்டும் காய்ந்த நெத்தலி கேட்டு வாங்க வேண்டும். அதிலும் சில இடத்தில் கடல் தண்ணீரில் அலசிக் காயப்போடுவார்கள். நாக்கில் வைத்துப் பார்த்து வாங்குங்கள், வெட்கப்பட வேண்டாம். என்னிடம் கோழிக்கு என்று கேட்டு வருபவர்களுக்கு நான் கருவாடு கொடுப்பதில்லை. சூரைத் தலை அவித்துப் பிசைந்து போடச் சொல்வேன்.

இணுவில் அக்கா
திங்கள், இரவு 8:15

முனைக்காரர் சொன்னதை வைத்துக் கணக்குப் போட்டேன். ஸ்ராட்டரில் ஏற்கனவே 0.3, 0.4 வீதம் உப்பு இருக்கும், அது தேவையானது. பத்துக்கு ஒரு பங்கு கருவாடு கலந்தால் 1 வீதத்துக்கு மேல் புதிதாக ஏறுகிறது. மூன்று, நாலு மடங்கு. அதன் மேல் உவர்க் கிணறு. அந்த உப்பு எடுத்த தாகத்துக்கு அதே உப்புத் தண்ணீரையே குடித்துத் தீர்க்கிறது குஞ்சு.

தாரா நீர்ப்பறவைதானே, கடலோரத்தில் வாழும்தானே என்று நினைப்போம். வளர்ந்த தாராவுக்குக் கண்ணுக்கு மேலே உப்பை வடிக்கிற சுரப்பி உண்டு, மூக்கு வழியாக வெளியேற்றும். பொரித்த முதல் நாட்களில் அது வேலை தொடங்காது, பிறகும் மெல்ல மெல்லத்தான் பலம் பிடிக்கும். நாட்டுத் தாராவின் காட்டு மூதாதைக் குஞ்சுகளிலேயே அப்படித்தான். அதனால் இளம் குஞ்சுக்கு உப்பு நஞ்சு. இதயம் தளர்ந்து வயிற்றில் நீர் கட்டும். நீங்கள் பார்த்தது அதுவாக இருக்கத்தான் வாய்ப்புக் கூட.

கருவாடு இப்போதே நிற்க வேண்டும். பவுசர் தண்ணீர் மட்டும். இரண்டையும் நாளைக் காலை கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். நான் எழுத்தை மட்டும் வைத்துச் சொல்கிறேன், தொட்டுப் பார்க்கவில்லை.

சோளகம்
திங்கள், இரவு 8:30

பெடியன், மன்னித்துக்கொள். நேற்றுப் பகிடி விட்டுவிட்டேன்.

வேலணைப் பெடியன்
செவ்வாய், இரவு 7:50

ஒன்று விடியற்காலை செத்துவிட்டது. அதை ஐஸ் கட்டியோடு பெட்டியில் வைத்து, உயிரோடு இருந்ததையும் எடுத்துக்கொண்டு போனேன். வைத்தியர் வெட்டிப் பார்த்தார். வயிற்றுக்குள் தெளிந்த நீர், இதயம் ஊதியிருந்தது. கருவாட்டையும் கிணற்றையும் சொன்னதும் தலையாட்டினார். மற்றது தப்புவது கடினம் என்றார். கால் பிடிக்காத மூன்றுக்கும் பி3 குறைதான் என்று சொல்லி, ஒரு கிழமைக்குத் தனியே எவ்வளவு கொடுப்பது என்று எழுதித் தந்தார்.

வீட்டில் இப்போது சண்டை வேறு. அம்மம்மாவுக்குப் பவுசர் தண்ணீரைத் தாராவுக்கு ஊற்றுவது பொறுக்கவில்லை. வரிசையில் நின்று பிடிக்கிறது அவதானே. நான் இனி நின்று பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

கைதடிக் கமக்காரன்
செவ்வாய், இரவு 9:10

தம்பி, மனம் விடாதே. எனக்கும் முதல் தொகுதியில் 9 குஞ்சு போனது, பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கால். அந்தக் கதையை இங்கே எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் கருவாட்டை விட்ட கையோடு எல்லோரும் புண்ணாக்குக்குத்தான் ஓடுவார்கள்.

கச்சான், அதாவது நிலக்கடலைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைத்தது. உடைத்தபோது உள்ளே பச்சையும் சாம்பலுமாகப் புள்ளி. சுரண்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஊறவைத்துக் கொடுத்தேன். ஆட்டுக்கும் அதையே போட்டேன், ஆடு அசையவில்லை. குஞ்சுகள் ஒரு கிழமைக்குள் ஒவ்வொன்றாகக் கழுத்தைப் பின்னுக்கு வளைத்து விழுந்தன.

இணுவில் அக்கா
செவ்வாய், இரவு 9:45

அண்ணை சொல்வது அஃப்லரொக்சின், பூஞ்சணம் உண்டாக்குகிற நஞ்சு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேல் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தாராக் குஞ்சுகளும் செத்தன. பிரேசிலில் இருந்து போன கச்சான் புண்ணாக்கில் இருந்த பூஞ்சணம்தான் காரணம் என்று பிறகு பிடித்தார்கள். அதன் பிறகு ஒரு தீனியில் அந்த நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க ஒரு நாள் வயதுத் தாராக் குஞ்சுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள், அவ்வளவுக்கு அது தாங்காது. ஆடு அசையவில்லை என்பதற்கும் அதுவே பதில். பூஞ்சணத்தைச் சுரண்டினாலும் அவித்தாலும் நஞ்சு போகாது. கச்சான் மட்டுமல்ல, ஈரப்பட்ட சோளம், தேங்காய்ப் புண்ணாக்கு எல்லாவற்றிலும் வரும். மாரி காலத்தில் சாக்கை நிலத்தில் வைக்காதீர்கள், பலகை போட்டுச் சுவரில் முட்டாமல் வையுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் போகிற அளவுக்கு வாங்காதீர்கள்.

ஊர்க்கிழவன்
புதன், காலை 10:05

எல்லாம் வாசித்தேன். எங்கள் காலத்தில் தாராவுக்குக் குளிசையும் இல்லை, சீட்டும் இல்லை. கழுநீரும் குறுணலும் தவிடும்தான். வழுக்கையாற்று வெளியில் கூட்டம் கூட்டமாக நின்றன. இப்போது படித்தவர்கள் கூடிவிட்டதால் தாராவுக்கு வருத்தமும் கூடிவிட்டது.

கைதடிக் கமக்காரன்
புதன், காலை 11:30

ஐயா, வெளியில் நின்றன என்று நீங்களே சொல்கிறீர்கள். வயலில் நத்தை, மண்புழு, தவளைக் குஞ்சு, நீர்ப்பூச்சி எல்லாம் தின்று பின்னேரம் வீட்டுக்கு வந்து குறுணலும் தின்றன. நயாசினும் புரதமும் வெளியில் கிடைத்தது, வீட்டில் வயிறு மட்டும் நிரம்பியது. இப்போது பெடியன் 14 குஞ்சையும் கம்பி வலைக்குள் வைத்திருக்கிறான். அங்கே நத்தை எங்கே?

நத்தை என்றதும் ஞாபகம் வருகிறது. தோட்டத்து ஆபிரிக்க நத்தைக்குச் சிலர் நீல நிறக் குருணை மருந்து போடுகிறார்கள். அந்த வளவுக்குள் தாராவை விடாதே, மருந்தையும் தின்னும், மருந்து தின்ற நத்தையையும் தின்னும்.

ஊர்க்கிழவன்
புதன், காலை 11:52

சரி, நத்தையை மறந்துவிட்டேன். கறையானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய மண்முட்டிக்குள் வைக்கோலும் ஈரச் சாணமும் அடைத்துக் கறையான் புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் விடிய எடுக்கலாம். கோழிக்குஞ்சுக்கு நான் அப்படித்தான் கொடுப்பேன். தாரா ஒரு முட்டியை ஒரு நிமிடத்தில் முடிக்கும்.

வேலணைப் பெடியன்
புதன், இரவு 8:40

இரண்டாவதும் போய்விட்டது. 12 மிச்சம். ஆனால் ஒரு நல்ல செய்தி. கால் பிடிக்காத மூன்றில் ஒன்று இன்றைக்குப் பின்னேரம் எழும்பி நாலு அடி வைத்தது. பிறகு இருந்துவிட்டது. அம்மம்மாதான் முதலில் கண்டது.

கறையான் முட்டி இன்றிரவு வைக்கிறேன் ஐயா.

ஸ்காபரோ தம்பி
வியாழன், காலை 7:15

வாழ்த்துகள். பச்சைப் பட்டாணியையும் அவித்து மசித்துக் கொடுக்கலாம் என்று நண்பர் சொல்கிறார், அதிலும் நயாசின் உண்டாம். அங்கே விலை எப்படியோ தெரியாது.

சோளகம்
வியாழன், காலை 8:02

விலை இருக்கிற விலைக்குப் பட்டாணியைத் தாராவுக்குக் கொடுத்துவிட்டுக் குளிசையை நாங்கள் விழுங்க வேண்டியதுதான்.

தென்மராட்சித் தாய்
வெள்ளி, பின்னேரம் 3:20

இடையில் புகுந்து கேட்கிறேன். என்னிடம் 40 குஞ்சு இருக்கிறது, சாக்குச் சாக்காக ஸ்ராட்டர் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. வீட்டிலேயே கலக்க ஒரு அளவு தர முடியுமா அக்கா? சோயா, சோளம், தவிடு எல்லாம் சாவகச்சேரியில் கிடைக்கிறது.

இணுவில் அக்கா
வெள்ளி, இரவு 9:30

தரலாம். 10 கிலோவுக்குச் சொல்கிறேன், முதல் மூன்று கிழமைக்கு. அரைத்த சோளமோ குறுணலோ 5 கிலோ, தவிடு 1.5 கிலோ, சோயாப் புண்ணாக்கு 2.2 கிலோ, உப்பில்லாத மீன் தூள் 800 கிராம், புதுத் தேங்காய்ப் புண்ணாக்கு 300 கிராம், மிச்சம் 200 கிராமுக்குக் கோழிக்கான கனியுப்பு விற்றமின் கலவை. அந்தக் கலவைப் பொதியில் கிலோவுக்கு எவ்வளவு என்று போட்டிருப்பதை மீற வேண்டாம், இடம் மிஞ்சினால் சோளத்தால் நிரப்புங்கள். கூட்டிப் பார்த்தால் புரதம் 20, 21 வீதம் வரும். நயாசினுக்குக் காய்ந்த ஈஸ்ட் கிடைத்தால் கிலோத் தீனிக்கு 50 கிராம், இல்லாவிட்டால் மேலே சொன்ன குளிசைக் கணக்கு.

மூன்று கிழமைக்குப் பிறகு புரதத்தைக் கட்டாயம் குறைக்க வேண்டும். புரதமும் மாச்சத்தும் கூடிக் குஞ்சு கெதியாகக் கொழுத்தால் செட்டை நுனி வெளிப்பக்கமாக முறுகும், விமானத்தின் இறக்கை போல நீட்டிக்கொண்டு நிற்கும். சாகாது, ஆனால் பிறகு திருத்த முடியாது. முறுகத் தொடங்கும்போதே கண்டால் நாலைந்து நாள் துணி நாடாவால் மடித்துக் கட்டி, தீனியையும் மாற்றிப் பார்க்கலாம்.

கைதடிக் கமக்காரன்
வெள்ளி, இரவு 10:00

நான் அப்போது செய்வது, 22 வீத புரொய்லர் ஸ்ராட்டர் 6 பங்கும் குறுணல் 4 பங்கும். 16 வீதத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். வாங்க முன்னம் சீட்டில் கொக்சிடியா (குடலைத் தாக்குகிற ஒட்டுண்ணி) மருந்து கலந்தது என்று இருக்கிறதா பாருங்கள். மருந்தின் அளவு கோழி தின்னுகிற கணக்குக்கு. தாரா கூடத் தின்னும்.

இணுவில் அக்கா
வெள்ளி, இரவு 10:12

அண்ணை, 6க்கு 4 கலந்தால் நயாசினும் அதே கணக்கில் குறையும். பெடியனுக்கு நடந்தது அதுதான்.

கைதடிக் கமக்காரன்
வெள்ளி, இரவு 10:25

என் தாரா அந்த வயதில் வெளியில் போய்விடும் தங்கச்சி, அதனால் எனக்கு அது தெரியாமல் போய்விட்டது. கூட்டுக்குள் வளர்க்கிறவர்கள் குளிசையை நிற்பாட்டக்கூடாது என்று சேர்த்துக்கொள்கிறேன்.

வேலணைப் பெடியன்
சனி, காலை 9:15 (மூன்று கிழமைக்குப் பிறகு)

இழையை அப்படியே விட்டுவிட்டேன், மன்னியுங்கள். 12உம் நிற்கின்றன. விழுந்த மூன்றில் இரண்டு மற்றவையோடு சேர்த்துப் பார்த்தால் அடையாளம் தெரியாது. மூன்றாவதின் இடது முழங்கால் மூட்டு தடித்துப்போய் தசைநாண் பக்கவாட்டில் விலகிவிட்டது, அது இனி நொண்டிதான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். தீனிக்கு முதலில் வந்து நிற்பது என்னவோ அதுதான்.

தீனி இப்போது ஸ்ராட்டர், கொஞ்சம் குறுணல், தண்ணீரில் குளிசை, வாரத்துக்கு இரண்டு தரம் சூரைத் தலை அவித்தது. கறையான் முட்டி மூன்று தரம் வைத்தேன், ஒரு தரம்தான் நிறைந்தது. அசோலா என்கிற, தண்ணீரில் மிதக்கிற சின்னச் செடியும் போட்டுப் பார்த்தேன். சீமெந்துத் தொட்டியில் இரண்டு கிழமை பொத்திப் பொத்தி வளர்த்தது. ஒரு நாள் பின்னேரம் தொட்டி மூட மறந்துவிட்டேன். விடிந்தபோது தண்ணீர் மட்டும் இருந்தது.

மிச்சக் கருவாட்டுத் தூளை அம்மம்மா சம்பலுக்கு எடுத்துவிட்டா. தண்ணீர் வரிசையில் நான்தான் நிற்கிறேன். நேற்றுப் பவுசர்காரர் ஒரு வாளி கூடப் பிடிக்கிறாயே, வீட்டில் ஆட்கள் வந்திருக்கிறார்களா என்று கேட்டார். ஓம், 12 பேர் என்றேன்.